வலிக்காத வருத்தம்

மன்னார்க் கரையோரத்தில் எமது சமூக அபிவிருத்தி நிலையம் சுழற்சிக் கடன் வழங்கிவரும் கிராமமொன்றில், பெற்ற கடனை எல்லோருக்கும் முதலில் கட்டி முடித்தவர் ஒரு கடற்றொழிலாளி. அந்தப் பணத்தில் படகுக்கு ஓர் இயந்திரம் வாங்கினார். ஒரு தவணையேனும் தவறவில்லை. கூட்டங்களில் ஏனையோருக்கு முன்மாதிரியாக அவரையே எழுப்பிப் பேச வைப்போம். எமது ஆண்டறிக்கையிலும் அவருடைய படகின் படம் வந்தது.

2017ஆம் ஆண்டு ஒரு காலை, கடலால் வந்து படகைக் கரைக்கு இழுக்கையில் அவருடைய வலது கையிலிருந்து கயிறு நழுவியது. குனிந்து எடுக்க முயன்றவர் அப்படியே மணலில் இருந்துவிட்டார். வாய் ஒரு பக்கம் கோணியிருந்தது. பேச வாயெடுத்தார், சொல் வரவில்லை. வெறுவயிற்றில் வெயில் பட்ட மயக்கம் என்றார்கள் சிலர். கண்ணூறு என்றார்கள் வேறு சிலர். வீட்டுக்குத் தூக்கிச் சென்று எண்ணெய் தடவினார்கள். வைத்தியசாலைக்குக் கொண்டுபோனது மறுநாள் காலையில். பாரிசவாதம். உயிர் தப்பியது, வலது பக்கம் மட்டும் பழையபடி திரும்பவில்லை. அப்போது அவருக்கு வயது 51.

படகு வாடகைக்குப் போயிற்று. மனைவி கருவாட்டு வாடியில் நாட்கூலிக்குச் சேர்ந்தார். சாதாரண தரப் பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்த மகன் புத்தகத்தை மூடிவைத்துவிட்டு வேறொருவருடைய படகில் ஏறினான். எமது கடன் பதிவேட்டில் அவருடைய பெயருக்கு எதிரே 'முழுமையாகச் செலுத்தப்பட்டது' என்றே இன்றும் இருக்கிறது.

நாம் அவரைப் பார்க்கச் சென்றபோது மனைவி ஒரு கிளினிக் கொப்பியை எடுத்துத் தந்தார். இரண்டு ஆண்டுகளுக்கு முன்னரே அரச வைத்தியசாலையில் அவருக்கு உயர் குருதியமுக்கம், அதாவது நாம் எல்லோரும் சொல்லும் 'பிறசர்', இருப்பது கண்டறியப்பட்டிருந்தது. குளிசையும் கொடுத்திருந்தார்கள். நான்கு மாதம் ஒழுங்காகக் குடித்திருக்கிறார். அதன் பின்னர் கொப்பியில் பக்கங்கள் வெறுமை. "ஒரு நோவும் இல்லை, தலைச்சுற்றும் இல்லை, பிறகு எதுக்குக் குளிசை எண்டு விட்டிட்டார் சுவாமி" என்றார் அந்த அக்கா. அவரிடம் குற்றம் காண்பதற்கு எமக்கு வாயில்லை. இயந்திரத்தின் குதிரை வலுவைக் கேட்டு எழுதிக்கொண்ட நாம், அந்த இயந்திரத்தை ஓட்டும் மனிதனுடைய உடலைப் பற்றி ஒரு கேள்வியும் கேட்டதில்லை. எமது படிவத்தில் அதற்கு ஒரு கட்டமும் இருக்கவில்லை.

ஓசையின்றி நடக்கும் சேதம்

இதயம் ஒரு நாளில் ஏறக்குறைய 100,000 தடவை துடிக்கிறது. ஒவ்வொரு துடிப்பிலும் இரத்தம் நாடிகளின் சுவரை உந்தித் தள்ளுகிறது. இந்த உந்தலே குருதியமுக்கம். இதயம் சுருங்கும்போது உள்ள அமுக்கம் மேல் அளவு, தளரும்போது உள்ளது கீழ் அளவு. வெவ்வேறு நாட்களில் அளந்தும் மேல் அளவு 140 அல்லது கீழ் அளவு 90, அல்லது அவற்றுக்கு மேல் நிற்குமாயின் அதை உயர் குருதியமுக்கம் என்கிறார்கள் வைத்தியர்கள்.

நீர் இறைக்கும் மோட்டாரைத் தோட்டக்காரர் எவரும் அறிவர். குழாய் தாங்கக்கூடிய அளவுக்கு மேல் அமுக்கம் கொடுத்தால் குழாய் அன்றே வெடிப்பதில்லை. முதலில் மூட்டுகள் கசியும், பின்னர் எங்கோ நலிந்த இடம் ஒன்று விட்டுப்போகும். எமது நாடிகளோ உயிருள்ளவை. கூடிய அமுக்கத்தைத் தாங்குவதற்காக அவற்றின் சுவர் தடிக்கிறது, விறைக்கிறது. உட்புறம் காயப்பட்ட இடங்களில் கொழுப்புப் படிகிறது. எதிர்த்துத் தள்ள வேண்டியிருப்பதால் இதயத்தின் இடது அறைத் தசையும் தடித்து, காலம் செல்லச் செல்லக் களைத்துப்போகிறது. சிறுநீரகத்தின் நுண்ணிய வடிகள் பழுதடைகின்றன. இவ்வளவும் பத்து, பதினைந்து ஆண்டுகள் நடந்தாலும் வலி என்ற ஒன்று பெரும்பாலும் இருப்பதில்லை. பல் வலித்தால் கூலி வேலையையும் விட்டுவிட்டு வைத்தியரிடம் ஓடும் எம்மவர், இதற்கு ஓடாமைக்குக் காரணம் அதுவே.

மூளைக்கு இதில் தனிப் பங்குண்டு. உடல் நிறையில் நூற்றில் இரண்டு பங்கே உள்ள மூளை, ஓய்வில் இருக்கும்போதும் இதயம் வெளியேற்றும் இரத்தத்தில் ஏறக்குறைய ஏழில் ஒரு பங்கைப் பெறுகிறது. பெரிய நாடி அடைபட்டாலோ வெடித்தாலோ பாரிசவாதம் வருகிறது, அதை ஊர் அறியும். மயிரிழை போன்ற சிறு நாடிகள் ஒவ்வொன்றாக அடைபடுவதை எவரும் அறிவதில்லை. முதியவர் ஒருவர் பெயர்களை மறக்கிறார், பழகிய வழி தவறுகிறார். 'அறளை பெயர்ந்துவிட்டது, வயதுக் கோளாறு' என்று நாம் சொல்லிவிடுகிறோம். வயதும் ஒரு காரணம்தான். எனினும், லான்செட் மருத்துவ இதழ் அமைத்த நிபுணர் குழு 2024இல் வெளியிட்ட அறிக்கை, உலகில் ஏற்படும் மறதி நோய்களுள் ஏறக்குறைய 45 வீதம், மாற்றக்கூடிய 14 காரணிகளோடு தொடர்புடையது என மதிப்பிட்டது. நடுவயதில் உயர் குருதியமுக்கம், நீரிழிவு, கொலஸ்திரோல், புகைத்தல், உடலசைவின்மை, மிகையான மது என்பன அப்பட்டியலில் உள்ளன. கேள்விக் குறைவும் தனிமையும்கூட உள்ளன. இதயத்தைக் கெடுக்கும் பழக்கங்களுள் பெரும்பாலானவை மூளையையும் கெடுக்கின்றன எனலாம்.

எமது பிராந்திய மக்களுக்கு இன்னுமொரு செய்தி. 52 நாடுகளில் மாரடைப்பு நோயாளரை ஆராய்ந்து 2004இல் வெளியான 'இன்ரர்ஹார்ட்' ஆய்வு, எளிதில் அளக்கக்கூடிய ஒன்பது காரணிகளே முதலாவது மாரடைப்பு அபாயத்தின் 90 வீதத்துக்கு விளக்கம் தருகின்றன எனக் காட்டியது. இலங்கை உட்பட்ட தென்னாசியாவில் முதலாவது மாரடைப்பு வரும் சராசரி வயது 53, ஏனைய நாடுகளில் ஏறக்குறைய 59 என்பதும் அதே ஆய்விலிருந்து தெரியவந்தது. ஆறு ஆண்டு வித்தியாசம் என்பது எமது கிராமக் குடும்பமொன்றில் கடைசிப் பிள்ளையின் படிப்பு, மகளின் கலியாணம், அரைகுறையாய் நிற்கும் வீட்டின் கூரை.

நீரிழிவைப் பற்றியும் ஒரு வார்த்தை. 2005, 2006ஆம் ஆண்டுகளில் நாட்டில் வளர்ந்தோரிடையே நடத்தப்பட்ட பெரிய ஆய்வொன்றில் ஐந்து பேரில் ஒருவருக்கு நீரிழிவோ அதன் முன்நிலையோ காணப்பட்டது. போர்ச் சூழலால் வடக்கும் கிழக்கும் அந்த ஆய்வில் இடம்பெறவில்லை. வேறு பலவற்றைப் போலவே இதிலும் எம்மை எண்ணாமலே கணக்கு முடிந்துவிட்டது.

வெண்ணெய் விளைந்த மாவட்டம்

கிராம அபிவிருத்தியில் ஈடுபட்டுள்ள எவரும் அறிந்துவைத்திருக்க வேண்டிய ஒரு வரலாறு பின்லாந்து நாட்டில் உண்டு. அந்நாட்டின் கிழக்கே ருஷ்ய எல்லையை ஒட்டியிருப்பது வட கரேலியா. காடும் ஏரியும் நிறைந்த, வறுமை மிக்க நாட்டுப்புறம். ஆண்கள் மரம் வெட்டினார்கள், சிறு பண்ணைகளில் மாடு வளர்த்தார்கள். போருக்குப் பின்னர் பால் வளம் பெருகியது. பாணுக்கு வெண்ணெய், கறிக்கு வெண்ணெய், குடிப்பதற்குக் கொழுப்பு நீக்காத பால், மாரிகாலத்துக்கு உப்பிட்ட இறைச்சியும் மீனும். ஆண்களில் பாதிப்பேர் புகைத்தார்கள். உடலை முறித்து உழைத்த அந்த மனிதர்களே 40, 50 வயதில் மாரடைப்பால் விழுந்துகொண்டிருந்தார்கள். 1960களின் இறுதியில் உலகிலேயே மாரடைப்பு இறப்பு மிக அதிகமான இடங்களுள் ஒன்றாக அது விளங்கியது.

1971இல் அம்மக்கள் தாங்களே ஒரு விண்ணப்பம் எழுதி, ஆளுநரும் மக்கள் பிரதிநிதிகளும் ஒப்பமிட்டு, தலைநகர் ஹெல்சிங்கிக்கு அனுப்பினார்கள். எமக்கு இவ்வரலாற்றில் மிகவும் பிடித்த இடம் இதுதான். வெளியிலிருந்து எவரும் திட்டத்தைச் சுமந்துகொண்டு போய் அவர்கள் தலையில் வைக்கவில்லை, அவர்களாகக் கேட்டார்கள். 1972இல் செயற்றிட்டம் தொடங்கியது. அதை வழிநடத்த அனுப்பப்பட்ட வைத்தியர் பெக்கா புஸ்காவுக்கு அப்போது முப்பது வயதும் ஆகியிருக்கவில்லை.

அவர் கட்டியது பெரிய வைத்தியசாலை அல்ல. 'மார்த்தா' என்ற பெயரில் ஏற்கெனவே இயங்கிவந்த மாதர் சங்கங்களோடு சேர்ந்து கிராமந்தோறும் சமையல் கூட்டங்கள் நடத்தப்பட்டன. ஊர்ப் பெண்கள் தங்கள் வழமையான கறியையே கொழுப்பையும் உப்பையும் குறைத்து, காய்கறியைக் கூட்டிச் சமைத்து, எல்லோரும் இருந்து உண்டார்கள். ஊரில் பிறர் மதிக்கும் ஆண் பெண்களைத் தெரிந்தெடுத்துப் பயிற்சி கொடுத்தார்கள். புகைத்தலை விடுவதற்குப் போட்டிகள் வைத்தார்கள். குருதியமுக்கம் உள்ளோரைப் பதிந்து, தாதியர் தொடர்ந்து கவனித்தார்கள்.

பால் பண்ணையாளர் சும்மா இருக்கவில்லை. வெண்ணெயைக் குறைக்கச் சொன்னால் தமது வயிற்றில் அடிப்பதாகக் கொதித்தார்கள். அந்தக் கோபம் நியாயமானது என்றே நாம் கருதுகிறோம். ஆகவே பின்னர் அவர்களுக்கு மாற்று வழி தேடினார்கள். அந்தக் குளிர் மண்ணில் நன்கு விளையும் சிறு பழங்களைப் பயிரிடவும் சந்தைப்படுத்தவும் உதவினார்கள். சமையலுக்கு உள்நாட்டில் விளையும் கடுகினத் தாவரமொன்றின் எண்ணெய் பரவியது. 1970களில் ஏறக்குறைய எல்லோரும் பாணுக்கு வெண்ணெய் பூசிய அம்மாவட்டத்தில் பிற்காலத்தில் அப்படிப் பூசுவோர் சிறுபான்மையாயினர். உழைக்கும் வயது ஆண்களிடையே இதய நாடி நோய் இறப்பு, தொடங்கிய காலத்தோடு ஒப்பிடுகையில் 80 வீதத்துக்கும் மேல் வீழ்ச்சியடைந்தது. நல்ல மருந்துகளும் சிகிச்சையும் பிற்காலத்தில் உதவின. ஆனால் வீழ்ச்சியின் பெரும் பங்கு உணவும் புகையும் அமுக்கமும் மாறியதால் வந்தது என்பதே ஆய்வாளரின் முடிபு.

எமது யாழ்ப்பாணப் புகையிலைத் தோட்டக்காரரை இங்கே நினையாமல் இருக்க முடியவில்லை. சுருட்டையும் சிகரெட்டையும் விடுங்கள் என்று மேடையில் நின்று சொல்வது எளிது. அந்தச் செம்மண்ணில் அதே வருமானத்தைத் தரும் வேறு பயிரை அவர்கள் கையில் கொடுப்பது எவருடைய வேலை? அபிவிருத்தி நிறுவனங்கள் என்று பெயர்ப் பலகை வைத்திருக்கும் எம் எல்லோருடைய வேலையும் அதுவே. நாம் அதைச் செய்ததாகச் சொல்ல முடியாது.

உப்புக் கணக்கு

எமது கிராமத்தில் வெண்ணெய் இல்லை. இருப்பது உப்பு. ஆனையிறவிலும் மன்னாரிலும் உப்பு விளைகிறது, கருவாடு எமது சொந்தத் தொழில். விடியற்காலையில் பழஞ்சோறும் உப்பும் பச்சைமிளகாயும் உண்டு கடலுக்குப் போனவர்களின் பிள்ளைகள் நாம். வெயிலில் வியர்ப்பவனுக்கு உப்பு வேண்டும் என்ற வாதத்தை ஒவ்வொரு கூட்டத்திலும் கேட்கிறோம். வியர்வையில் உப்பு வெளியேறுவது உண்மை. ஆனால் நாம் உண்பது அதை ஈடுசெய்யப் போதிய அளவைவிட மிக அதிகம். உப்பிலுள்ள சோடியம் உடலில் நீரைத் தேக்குகிறது. குழாயில் நீர் கூடினால் அமுக்கம் கூடும்.

உலக சுகாதார நிறுவனம் வளர்ந்த ஒருவருக்குச் சொல்லும் உச்ச அளவு நாளொன்றுக்கு 5 கிராமுக்குக் குறைவு, அதாவது மட்டமாக ஒரு தேக்கரண்டி. இந்த அளவை மாதர் சங்கக் கூட்டத்தில் சொன்னபோது எவருக்கும் அது மனதில் பதியவில்லை. கிராமக் கணக்கை விட்டுவிட்டு வேறு விதமாகக் கேட்டோம்: உங்கள் வீட்டில் ஒரு கிலோ உப்பு எத்தனை நாளைக்கு வருகிறது? வளர்ந்தோர் நால்வர் உள்ள வீட்டில், ஆளுக்கு 5 கிராம்படி ஒரு கிலோ 50 நாள் வரவேண்டும். சிலர் மூன்று கிழமை என்றார்கள், ஒருவர் இரண்டு கிழமை என்றார். மண்டபத்தில் சிரிப்பு எழுந்து, பின்னர் அடங்கியது. மீன் கழுவவும் ஊறுகாய்க்கும் போவதையும் இதில் சேர்த்துவிட்டீர்களே என்று ஒரு பாட்டி எம்மைத் திருத்தினார். சரிதான். ஆனால் கருவாடு, பாண், மிக்சர்ப் பைக்கற்று, சூப்புக் கட்டி என்று கடையிலிருந்து வரும் உப்பு இந்தக் கணக்கில் சேரவே இல்லை என்று அவருக்குப் பக்கத்திலிருந்த அவருடைய மருமகளே பதில் சொன்னார்.

அன்று முதல் எமது நிலையம் பெரிய அறிவுரை எதுவும் சொல்வதில்லை. உப்புப் போத்தலில் வாங்கிய திகதியை எழுதி ஒட்டுங்கள் என்று மட்டும் சொல்கிறோம். கருவாட்டை முதல்நாளே நீரில் ஊறவைத்து, அந்நீரை ஊற்றிவிட்டுச் சமைக்கலாம். சோற்றுக்கு மேல் உப்புத் தூவும் பழக்கத்தையும் தேசிக்காய்த் தண்ணீரில் உப்பிடும் பழக்கத்தையும் விடலாம். புளியும் தேசிக்காயும் மிளகும் கூடினால் நாக்கு உப்பை அவ்வளவு தேடாது. முதல் இரண்டு மூன்று கிழமை கறி சப்பென்றுதான் இருக்கும், வீட்டில் சண்டையும் வரும். பின்னர் நாக்கு பழகிவிடுகிறது. உப்பைக் குறைத்தால் அயடீன் குறைந்துவிடுமே என்று ஓர் ஆசிரியை கேட்டார். 1995 முதல் எமது நாட்டில் உணவுக்கான உப்பில் அயடீன் கட்டாயமாகச் சேர்க்கப்படுகிறது. நாளுக்கு 5 கிராமுக்குள் நின்றாலும் அந்த உப்பிலிருந்து தேவையான அயடீன் கிடைக்கும்.

சீனாவின் 600 கிராமங்களில், முன்னர் பாரிசவாதம் வந்தவர்களும் பிறசர் உள்ள முதியவர்களுமாக ஏறக்குறைய 21,000 பேரிடையே ஒரு பரீட்சிப்பு நடந்தது. பாதிக் கிராமங்களுக்கு, சோடியத்தில் ஒரு பங்கை எடுத்துவிட்டுப் பொற்றாசியம் சேர்த்த உப்புக் கொடுத்தார்கள். 2021இல் வெளியான முடிவின்படி, ஏறக்குறைய ஐந்து ஆண்டுகளில் அக்கிராமங்களில் பாரிசவாதம் 14 வீதம் குறைவாக இருந்தது. சமையலில் வேறெதையும் அவர்கள் மாற்றவில்லை. ஆனால் சிறுநீரக நோயாளருக்கும் சில வகைப் பிறசர்க் குளிசை குடிப்போருக்கும் அந்த உப்பு ஆபத்தானது. எனவே வவுனியா போன்ற, சிறுநீரக நோய் பரவியுள்ள இடங்களில் வைத்தியரைக் கேளாமல் எவரும் அதில் கைவைக்கக் கூடாது.

உப்பை மட்டும் குற்றவாளியாக்கவும் கூடாது. 1953இல் ஜெரமி மொறிஸ் என்ற வைத்தியர் லண்டன் நகர இரட்டைத் தட்டு பஸ்களில் வேலை செய்தோரை ஆராய்ந்தார். நாள் முழுதும் இருந்து ஓட்டிய சாரதிகளைவிட, படியேறி இறங்கிய நடத்துநர்களுக்கு மாரடைப்பு குறைவாகவும் வந்தால் கடுமை குறைந்ததாகவும் இருந்தது. ஒரே பஸ், ஒரே நகரம். எமது ஊரில் துடுப்புப் போய் இயந்திரம் வந்தது, துலாப் போய் நீர் மோட்டார் வந்தது, சைக்கிள் போய் மோட்டார் சைக்கிள் வந்தது. இவற்றுள் சிலவற்றை வாங்கிக்கொடுத்தவர்கள் நாமேதான். அதற்காக வருந்தவில்லை, துலா மிதித்தவர்களின் முதுகு நோவை நாம் மறக்கவில்லை. ஆனால் பின்னேரம் அரை மணி நேரம் நடக்க இப்போது தனியே நினைவுபடுத்த வேண்டியிருக்கிறது. சாராயமும் கசிப்பும் அமுக்கத்தை ஏற்றுகின்றன என்பதையும், இரவுத் தொழிலால் கெடும் உறக்கமும் இதயத்துக்குச் சுமை என்பதையும் இங்கு குறிப்போடு விட்டுவிடுகிறோம்.

அளவுப் பட்டியும் நாமும்

வங்காளதேசம், பாகிஸ்தான், இலங்கை ஆகிய மூன்று நாடுகளின் 30 கிராமப்புறச் சமூகங்களில், உயர் குருதியமுக்கம் உள்ள 2,645 பேரை வைத்து நடந்த ஓர் ஆய்வு 2020இல் வெளியாயிற்று. அரச சுகாதாரக் களப் பணியாளர்கள் வீடு வீடாகச் சென்று அமுக்கத்தை அளந்து, பழக்கங்களைப் பற்றிப் பேசி, தேவைப்பட்டோரை வைத்தியரிடம் அனுப்பினார்கள். இரண்டு ஆண்டு முடிவில் அவ்விடங்களில் மேல் அளவு, வழமையான கவனிப்புப் பெற்ற இடங்களைவிட 5 புள்ளியளவு கூடுதலாக இறங்கியிருந்தது. ஐந்து என்பது சிறிய எண்ணாகத் தோன்றலாம். ஊர் முழுவதும் ஐந்து இறங்குமாயின் வீழும் பாரிசவாதக்காரர் தொகையும் இறங்கும். வைத்தியர் மருந்து எழுதுகிறார், அந்தக் குளிசை நான்காம் மாதத்திலும் வாய்க்குள் போவதற்கு வாசலுக்கு ஒருவர் வரவேண்டியிருக்கிறது.

2011 முதல் எமது நாட்டு அரச வைத்தியசாலைகளில் ஆரோக்கிய வாழ்க்கை நிலையங்கள் இயங்குகின்றன. அமுக்கமும் சீனியும் இலவசமாகப் பார்க்கிறார்கள். அங்கே போகும் ஆண்கள் மிகக் குறைவு என்பதே எமது அனுபவம். கிளினிக் நாள் என்பது கூலி இழக்கும் நாள். ஆகவே 2018இல் எமது நிலையம் ஓர் அளவுப் பட்டியை வாங்கி, ஓய்வுபெற்ற தாதி ஒருவரின் உதவியுடன், மாதத்தின் முதலாம் சனிக்கிழமை பின்னேரம், சங்கக் கணக்குப் பார்க்கும் அதே மண்டபத்தில் அளக்கத் தொடங்கியது. கடன் தவணை கட்ட வருபவர் கையையும் நீட்டிவிட்டுப் போகட்டும் என்பது திட்டம்.

முதல் நாள் எல்லோரையும் அளந்து முடித்த பின்னர் அந்தத் தாதி எம்மைப் பார்த்தார். "சுவாமியும் இருங்கோ" என்றார். 156க்கு 98. மறு கிழமையும் அதே அளவு. வீட்டுக்கு வீடு வடையும் பலகாரமும் உண்டு, அவசரத்துக்கு மோட்டார் சைக்கிளில் ஓடி, இரவு பதினொரு மணி வரை அறிக்கை எழுதியவர்களுக்கு அது வேறெப்படி இருக்கும். இப்போது நாமும் நாள்தோறும் ஒரு குளிசை குடிக்கிறோம். நோவு எதுவும் இல்லாத ஒருவன் நாள்தோறும் குளிசையை நினைவு வைத்துக் குடிப்பது எவ்வளவு சிரமம் என்பது அதன் பின்னரே எமக்கு விளங்கியது.

மண்டபச் சுவரில் ஒரு தாளும் ஒட்டியிருக்கிறோம். முகம் கோணுதல், ஒரு கை சோர்தல், பேச்சுக் குழறுதல்: இவற்றுள் ஒன்று திடீரென வந்தாலும் எண்ணெய் தடவாமல் உடனே 1990க்கு அழைக்க வேண்டும். 2016இல் தெற்கில் தொடங்கிய இந்த இலவச அம்புலன்ஸ் சேவை பின்னர் எமது பகுதிக்கும் வந்துவிட்டது. இரத்தக் கட்டியைக் கரைக்கும் மருந்து, நோய் தொடங்கி நாலரை மணித்தியாலத்துக்குள், மூளையைப் படமெடுத்துப் பார்க்க வசதியுள்ள வைத்தியசாலையில்தான் கொடுக்கப்படும். எமது கடற்றொழிலாளிக்கு அந்த நாலரை மணித்தியாலமும் வீட்டுத் திண்ணையில் கழிந்தது.

முதலாம் சனிக்கிழமைகளில் அவரும் வருகிறார். தடியூன்றி, மகன் பக்கத்தில் வர, மெதுவாக நடந்து வருவார். மகன் இப்போது தகப்பனின் படகை வாடகையிலிருந்து மீட்டுத் தானே ஓட்டுகிறான், அதே இயந்திரம். முதலில் மகன் கையை நீட்டுவான், பின்னர் தகப்பன் இடது கையை நீட்டுவார். பேச்சு இன்னும் முழுதாகத் திரும்பவில்லை என்றாலும் "எவ்வளவு?" என்ற சொல் மட்டும் தெளிவாக வருகிறது. சென்ற மாதம் 134க்கு 82. தாதி அதைக் கொப்பியில் எழுதி அவர் முன் பிடித்தார். அவர் விரலால் ஒவ்வொரு எண்ணாகத் தொட்டுப் பார்த்துவிட்டு, மகனுடைய கொப்பியைக் காட்டும்படி சைகை செய்தார்.